கிராமப் பள்ளிகளுக்குக் கணினி சொல்லித்தரப் போகும் கல்லூரி மாணவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் கிராமப் பள்ளிகளுக்குக் கணினி சொல்லித்தரச் செல்லும் கல்லூரி மாணவர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் புதிதாகச் சேரும் மாணவர்கள் ஏறத்தாழ இதே ஐயங்களோடுதான் வருகிறார்கள். தலைமையாசிரியர்களும் பெற்றோரும் கேட்பவையும் இவற்றுள் உண்டு. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எங்கள் அனுபவத்தில் தெளிந்த விடைகளைக் கீழே தந்திருக்கிறேன்.

நான் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். கணினித் துறை மாணவர்கள் மட்டும்தான் போக முடியுமா?

எந்தத் துறை மாணவரும் போகலாம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தருவது கணினியைத் தொடங்குவது, முறையாக நிறுத்துவது, தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்வது, செய்ததைச் சேமித்து அடுத்த வாரம் தேடி எடுப்பது, ஒரு சிறிய கணக்கு அட்டவணை போடுவது ஆகியவைதான். கல்லூரிப் பாடத்துக்காக இவற்றை நாள்தோறும் செய்துவரும் எவருக்கும் இதற்கு வேண்டிய அறிவு இருக்கிறது.

கணினி அறிவியல் மாணவர்கள் சிலர் முதல் வகுப்பிலேயே நினைவகத்தின் வகைகளைக் கரும்பலகையில் எழுதத் தொடங்கிவிடுவதையும், பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு கணினியைத் தொடாமலே வீட்டுக்குப் போவதையும் பார்த்திருக்கிறேன். பழுது பார்ப்பதற்குக் கணினித் துறையினர் தேவை. பொறுமையாக எடுத்துச் சொல்வதற்குப் பிற துறையினர் பெரும் துணை. ஆகவே ஒவ்வொரு குழுவிலும் இரு தரப்பினரும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம்.

கைப்பேசியிலேயே எல்லாம் வந்துவிட்டதே, பிள்ளைகளுக்குக் கணினி எதற்கு என்று பெற்றோர் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

கைப்பேசியில் பார்க்கலாம், கேட்கலாம், பேசலாம். பத்துப் பக்கக் கட்டுரை எழுதித் திருத்துவதும், நூறு வரிக் கணக்கைப் போட்டுச் சரிபார்ப்பதும் அதில் எளிதல்ல. வேலைக்குப் போகும் இடத்தில், அது அரிசி ஆலையின் கணக்கர் மேசையாக இருந்தாலும் கூட்டுறவுச் சங்கமாக இருந்தாலும், மேசைமேல் இருப்பது கணினிதான்.

இன்னொன்றையும் பெற்றோரிடம் சொல்லுங்கள். பொறியியல் படிப்புக்கான ஜேஇஇ முதன்மைத் தேர்வு கணினி வழியாகவே நடக்கிறது. திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புகளில் சேர 2022 முதல் நடத்தப்படும் பொது நுழைவுத்தேர்வும் பெரும்பாலும் கணினி வழித் தேர்வுதான். அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளை, மவுஸை முதன்முதலாகத் தொடுவது தேர்வறையில் என்றால், விடை தெரிந்தும் நேரத்தை இழக்கும். இதைச் சொல்லும்போது பெற்றோர் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

நேராகப் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்தால் போதுமா? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

தலைமையாசிரியரை முதலில் பார்ப்பது நல்லது; ஆனால் அவருடைய வாய்மொழி இசைவு மட்டும் போதாது. கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியாகவோ நடுநிலைப் பள்ளியாகவோ இருந்தால் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் தெரிவிக்க வேண்டும். எந்தப் பள்ளி, எந்தக் கிழமை, எந்தப் பாடவேளை, வருகிறவர்கள் யார் யார், உடன் பொறுப்பேற்கும் பேராசிரியர் யார் என்பவை கடிதத்தில் இருக்கட்டும். பெயர்ப் பட்டியலில் இல்லாதவரை ஒரு நாளும் அழைத்துச் செல்லாதீர்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மையினர் பெற்றோர். அவர்களுடைய கூட்டம் ஒன்றில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, என்ன சொல்லித்தரப் போகிறீர்கள் என்று விளக்கிவிடுங்கள். பிறகு வரும் பாதிச் சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆண்டில் எந்த மாதங்களில் வகுப்பு வைத்துக்கொள்வது?

கல்லூரியின் நாட்காட்டியைப் பார்த்துத் திட்டமிடுவதுதான் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. இந்தப் பகுதியில் பள்ளியின் நாட்காட்டியையும் மழையையும் வயலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஐ ஒட்டிப் பள்ளியும் திறந்து, புத்தகம் கொடுத்து, சேர்க்கை முடிந்து சற்று நிலைபெற ஜூன் இறுதியாகிவிடும். அதிலிருந்து செப்டம்பர் காலாண்டுத் தேர்வு வரை கிடைக்கும் பத்து அல்லது பதினொரு வாரங்கள்தான் நம்முடைய முதன்மையான காலம். அடிப்படைப் பாடங்கள் எல்லாம் அதற்குள் முடிந்துவிட வேண்டும்.

அக்டோபர் நடுவிலிருந்து வடகிழக்குப் பருவமழை. நவம்பரில் எந்த நாள் விடுமுறை அறிவிப்பார்கள், எந்தச் சாலையில் தண்ணீர் நிற்கும் என்று சொல்ல முடியாது. புதிய பாடம் எதையும் அந்த மாதத்தில் வைக்காதீர்கள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. பொங்கலுக்குப் பிறகு பிப்ரவரி நடுப்பகுதி வரை நான்கு வாரங்கள் கிடைக்கும். அவற்றை மீள்பார்வைக்கும், பிள்ளைகள் தாமாகச் செய்யும் சிறு வேலைகளுக்கும் ஒதுக்கலாம். சம்பா அறுவடையும் அப்போதுதான் நடக்கும் என்பதால் மேல் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வராமல் போகலாம். அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளக் கூடாது.

ஒரே நாளில் முகாம் போல நடத்தி முடித்துவிடலாமே? வாரம் ஒரு மணி நேரம் என்றால் எப்போது முடிவது?

முகாம் நடத்துவதில் நமக்குக் களைப்பும் நிறைவும் கிடைக்கும். பிள்ளைகளுக்குக் கைப்பழக்கம் கிடைக்காது. ஆறு மணி நேரத்தை ஒரே நாளில் செலவிட்டால் மறு மாதம் மிஞ்சுவது மிகக் குறைவு. அதையே ஆறு வாரங்களுக்குப் பிரித்தால் ஒவ்வொரு வாரமும் முந்திய வாரத்தை மறுபடி செய்து பார்க்க வாய்ப்பு வருகிறது.

கிழமையை மாற்றாதீர்கள். வெள்ளிக்கிழமை என்றால் எல்லா வாரமும் வெள்ளிக்கிழமைதான். ஒருமுறை எங்கள் கல்லூரி விழாவுக்காக இரண்டு வாரம் தொடர்ந்து போகவில்லை, தகவலும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் போனபோது, அந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாட்டு வேளையை விட்டுவிட்டு ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக உட்கார்ந்திருந்ததாக அந்த வகுப்பு ஆசிரியை சொன்னார். தவறு முழுக்க எங்களுடையது. அன்றிலிருந்து வர இயலாத வாரத்துக்கு முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் சொல்வதைக் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

என்எஸ்எஸ் மணி நேரத்துக்காகத்தான் வருகிறேன். அது தவறா?

தவறில்லை. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியைக் கேட்கிறது, அதாவது ஆண்டுக்கு 120. போக்குவரத்து, பாடம் தயாரித்தல், வகுப்பு என்று கணக்கிட்டால் இந்தப் பணி அதில் நல்ல பங்கை நிரப்பும். எந்தக் காரணத்துக்காக வந்தாலும் மேலே சொன்ன கிழமை ஒழுங்கைக் காப்பாற்றுகிறவராக இருந்தால் போதும்.

ஆய்வகத்தில் ஐந்து கணினிகள். மூன்றுதான் ஓடுகின்றன. நாற்பது பிள்ளைகள். எப்படி நடத்துவது?

பெரும்பாலான குழுக்கள் இந்த இடத்தில்தான் மனம் தளர்கின்றன. முதல் வேலை, ஓடாத இரண்டையும் பார்ப்பது. தலைமையாசிரியரின் எழுத்துவழி இசைவும், இருப்புப் பதிவேட்டில் குறிப்பும் இல்லாமல் எந்தப் பெட்டியையும் திறக்காதீர்கள்; அரசின் உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளையும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ளவற்றையும் தொடவே வேண்டாம். மற்ற பழைய கணினிகளில் நாங்கள் கண்ட பழுதுகளில் பல மிகச் சாதாரணமானவை. நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து மீண்டும் பொருத்தினாலே சில கணினிகள் உயிர் பெற்றுவிடும். தாய்ப்பலகையில் நாணயம் போல இருக்கும் சிறிய மின்கலம் தீர்ந்திருந்தால், ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும்; தேதி தவறினால் இணையதளங்களும் திறக்காது. புது மின்கலத்தின் விலை மிகக் குறைவு. வைக்கோற்போர் பக்கத்தில் இருக்கும் பள்ளிகளில் எலி கடித்த கம்பிகளைத் தேடிப் பாருங்கள்.

அடுத்தது வகுப்பைப் பிரிப்பது. ஒரு கணினிக்கு இரண்டு பேருக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். நான்கு கணினி என்றால் எட்டுப் பேர், மற்றவர்களுக்கு அறைக்கு நடுவில் தாள் வேலை. தாள் வேலை என்றால் பொழுதுபோக்கு அன்று. அட்டையில் விசைப்பலகையை அளவாக வரைந்து, எந்த விரல் எந்த விசைக்கு என்று பழகுவதும், கணினியில் அன்று எழுதப்போவதை நோட்டில் எழுதி வைப்பதும் அதில் அடங்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து இடம் மாற்றுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான விதி ஒன்று உண்டு: மவுஸ் பிள்ளையின் கையில்தான் இருக்க வேண்டும். அவசரத்தில் நம் கை தானாக நீளும்; "நகரு, நான் காட்டுகிறேன்" என்று சொல்லி நாமே செய்துவிடுவோம். அந்த நொடியில் பிள்ளை பார்வையாளராகிவிடுகிறது. எங்கள் குழுவில் சொல்லித்தரும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதே நடைமுறை.

பெண் பிள்ளைகள் பின்னால் ஒதுங்கி நிற்கிறார்கள். பையன்கள் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இது கூச்சத்தால் மட்டும் நடப்பதில்லை; நாம் இடம் ஒதுக்காததாலும் நடக்கிறது. முந்திய விடையில் சொன்ன இடமாற்றத்தை "யார் வருகிறீர்கள்?" என்று கேட்டுச் செய்யாமல், பெயர்ப் பட்டியலை முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். முதல் சுற்றில் பெண் பிள்ளைகளை இருவர் இருவராக அமர வையுங்கள். மூன்றாம் வாரத்துக்குள், மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் பொறுப்பை அவர்களில் ஒருவரிடம் கொடுத்தால் நிலைமை மாறிவிடும்.

கரண்ட் போய்விட்டால் வகுப்பைக் கலைத்துவிடலாமா?

கலைக்க வேண்டாம். கணினி இல்லாமல் நடத்தும் பாடம் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது கோலம். "7 புள்ளி, ஊடுபுள்ளி, 4 வரை" என்று மார்கழியில் அம்மாக்கள் சொல்லிக்கொள்ளும் குறிப்பு, நிரல் எழுதுகிறவர் கணினிக்குத் தரும் கட்டளையைப் போன்றதுதான். நடுவில் 7, இருபுறமும் 6, 5, 4 என்று குறைந்து மொத்தம் 37 புள்ளி வரும் என்பதைப் பிள்ளைகளே கூட்டிச் சொல்வார்கள். பிறகு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சுண்ணக்கட்டியோடு நிற்க, மற்றவர் "வலப்பக்கம் ஒரு புள்ளி போ, கீழே வளை" என்று சொல்லச் சொல்ல வரைய வேண்டும். குறிப்பில் ஒரு சொல் விடுபட்டாலும் கோடு எங்கோ போய்விடும். கட்டளை துல்லியமாக இருக்க வேண்டும் என்பதை இதைவிட நன்றாக நான் எந்தப் பாடநூலைக் கொண்டும் விளக்கியதில்லை.

இடி மின்னல் நேரத்தில் கரண்ட் இருந்தாலும் கணினிகளை நிறுத்தி, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். அக்டோபர் தொடக்கத்திலேயே தரையில் இருக்கும் பெட்டிகளை மேசைமேல் ஏற்றி, பிள்ளைகளின் கோப்புகளைப் பென்டிரைவில் படியெடுத்து வைக்க வேண்டும். 2018 நவம்பர் 16-இல் கரை கடந்த கஜா புயலுக்குப் பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை என்பதை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது.

முதல் நாள் எதிலிருந்து தொடங்குவது? பாகங்களின் பெயர்களா?

வேண்டாம். பாகங்களின் பெயர்கள் பயன்படுத்தும்போது தாமாக வந்து சேரும். முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைத் தமிழில் எழுதி, அதைத் தன் பெயரிலேயே சேமிக்க வேண்டும். அவ்வளவுதான் அன்றைய பாடம்.

இரண்டாம் வாரம் அதே கோப்பைத் தேடித் திறக்கச் சொல்லுங்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புச் சிறுமி தன் பெயரைத் திரையில் மீண்டும் பார்த்ததும், "நான் போன வாரம் போட்டது அக்கா, யாரும் அழிக்கல!" என்று எழுந்து நின்றுவிட்டாள். பள்ளியில் எல்லாரும் பயன்படுத்தும் ஒரு பெட்டிக்குள் தனக்கென்று ஓரிடம் இருக்கிறது, அது தான் வரும் வரை காத்திருக்கிறது என்பது அவளுக்குப் பெரிய செய்தி. கோப்பு, கோப்புறை, சேமித்தல் ஆகியவற்றுக்கு அதன் பிறகு விளக்கமே தேவைப்படவில்லை.

தமிழ்த் தட்டச்சுக்கு எந்த முறை? பிள்ளைகள் கைப்பேசியில் ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழ் வரவழைக்கிறார்களே, அதுவே போதாதா?

தமிழ்99 முறையையே சொல்லித்தாருங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கையிலும், பெரும்பாலான மெய்கள் வலக்கையிலும் இருக்கின்றன. ஒரே மெய் இரண்டு முறை வந்தாலும், மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் புள்ளி தானாக விழும். "அம்மா" என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள் போதும். "கும்பகோணம்" எழுதும்போது ம, ப என்று அடித்ததும் ம் தானாக வந்துவிடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் மகிழ்வார்கள். இன எழுத்து என்று தமிழாசிரியர் நடத்திய பாடம் விரலில் வந்து நிற்கும் இடம் அது.

ஆங்கில எழுத்து வழியாக அடிக்கும் முறையில் ஒரு குறை இருக்கிறது. ந, ன, ண வேறுபாட்டையும் ர, ற வேறுபாட்டையும் பல நேரங்களில் கருவியே ஊகித்துப் போட்டுவிடுகிறது, பிள்ளை தேர்ந்தெடுப்பதில்லை. தமிழ்99-இல் எழுத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதால் எழுத்துப்பிழை குறைவதைத் தமிழாசிரியர்களே எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். விண்டோஸ் 10-இல் 2019 மே மாதப் பதிப்பிலிருந்து இந்த விசைப்பலகை உள்ளேயே வருகிறது. பழைய கணினிகளில் என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம்.

இணைய வசதியே இல்லாத பள்ளி. என்ன சொல்லித்தர முடியும்?

இந்தப் பக்கத்தில் இதுவரை சொன்ன எதற்கும் இணையம் தேவையில்லை. கட்டுரையும் கணக்கு அட்டவணையும் போட லிபர் ஆபீஸ், படம் வரைய டக்ஸ் பெயின்ட், விளையாட்டாகக் கற்க ஜிகாம்பிரிஸ் ஆகிய மூன்று மென்பொருள்களும் கட்டணமற்றவை. பென்டிரைவில் கொண்டுபோய் நிறுவலாம். கிவிக்ஸ் என்ற மென்பொருளின் உதவியால் தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி எடுத்துச் சென்று, இணையமின்றியே தேடிப் படிக்க வைக்கலாம். பென்டிரைவைப் பள்ளிக் கணினியில் செருகுமுன் வைரஸ் சோதனை செய்யுங்கள். கல்லூரி விடுதியிலிருந்து வரும் பென்டிரைவ்களே நாங்கள் கண்ட பெரிய தொல்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எக்ஸெல் எதற்கு? மதிப்பெண் பட்டியல் போட்டுக் காட்டினோம், கொட்டாவி விடுகிறார்கள்.

மதிப்பெண் பட்டியல் ஆசிரியரின் கணக்கு. பிள்ளையின் கணக்கு வயலில் இருக்கிறது. வீட்டில் "எங்களுக்கு ஏழு மா" என்றுதான் பேசுவார்கள். 3 மா ஏறத்தாழ ஓர் ஏக்கர், 20 மா ஒரு வேலி. முதல் நெடுவரிசையில் வயலின் பெயர், இரண்டாவதில் மா, மூன்றாவதில் அதை மூன்றால் வகுக்கும் சூத்திரம், நான்காவதில் மூட்டை, ஐந்தாவதில் கிலோ என்று போடச் சொல்லுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. வெளி வியாபாரிக்குப் போடும் வீட்டில் 60 கிலோ மூட்டைக் கணக்கு சொல்வார்கள். "எங்களுக்கு அறுபது மூட்டை, அவங்களுக்கு நாற்பதுதான்" என்று பெருமை பேசிய இரண்டு பையன்கள், கிலோவாக மாற்றிப் பார்த்ததும் இரண்டும் 2,400 கிலோ என்று கண்டு வாய் பிளந்து நின்றார்கள். மூட்டையின் எடையை அட்டவணையின் ஒரு கட்டத்தில் மாற்றினால் கீழே உள்ள எல்லாம் மாறுவதை அன்றைக்கு அந்த வகுப்பில் யாரும் மறக்கவில்லை.

சொந்த நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள்; கூலி நாட்கணக்கும் அதே போன்ற நல்ல கணக்குதான். யாருடைய வீட்டு விவரத்தையும் வகுப்பில் உரக்கக் கேட்காமல், எண்களை அவரவரே இட்டுக்கொள்ள விடுங்கள்.

வரைபடத்துக்கு மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். முழுக் கொள்ளளவு 120 அடி. நாளிதழில் அன்றாடம் வரும் எண்ணை ஒரு பிள்ளை குறித்து வந்தால் பத்து வாரத்தில் கோடு ஏறி இறங்குவதைத் திரையில் பார்க்கலாம். அந்தக் கோடு எதைச் சொல்கிறது என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பைதான் சொல்லித்தரலாமா?

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைதான் நிரல்மொழி இருக்கிறது. அந்தப் பிரிவு மாணவர்கள் உதவி கேட்டால் தாராளமாகச் சொல்லித்தாருங்கள். கீழ் வகுப்புகளுக்குக் கோல விளையாட்டுக்குப் பிறகு, கட்டளைத் துண்டுகளை இழுத்து அடுக்கி நிரல் அமைக்கும் ஸ்கிராட்ச் போதும்; அதையும் இணையமின்றிப் பயன்படுத்தலாம். தட்டச்சும் சேமிப்பும் கைவராத பிள்ளையிடம் நிரலைப் பார்த்து எழுதச் சொல்வது எழுத்துக்கூட்டத் தெரியாதவரிடம் யாப்பிலக்கணம் நடத்துவதற்கு ஒப்பாகும்.

பாதுகாப்புக்கு என்னென்ன கவனிக்க வேண்டும்?

மின்சாரத்தை முதலில் பாருங்கள். ஒரே நீட்டிப்புப் பெட்டியில் ஐந்தாறு கருவிகளைச் செருகாதீர்கள். நடைபாதையில் கம்பி கிடக்கக் கூடாது. வகுப்பு நடக்கும்போது ஆய்வகத்தின் கதவுகள் அனைத்தும் திறந்திருக்க வேண்டும்; கணினி திருடு போகும் என்று ஒரு கதவை நிரந்தரமாகப் பூட்டி வைத்திருந்தால் அதைத் திறக்கும் வரை பாடத்தைத் தொடங்காதீர்கள். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் பள்ளி ஒன்றில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். நம் மாவட்டத்து வகுப்பறைக்குள் நுழையும் ஒவ்வொருவரும் அந்த எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது பிள்ளைகளோடு நாம் நடந்துகொள்ளும் முறை. பள்ளி ஆசிரியர் ஒருவர் உடனிருக்காமல் வகுப்பு இல்லை. எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் இருக்கக் கூடாது. பிள்ளைகளின் கைப்பேசி எண்ணை வாங்குவதும், நம் எண்ணைக் கொடுப்பதும், சமூக ஊடகத்தில் இணைவதும் கூடாது. ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த துன்பத்தைச் சொன்னால் நீங்களே விசாரிக்கத் தொடங்காமல், அன்றே தலைமையாசிரியரிடமும் உங்கள் பேராசிரியரிடமும் தெரிவியுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 ஆய்வகச் சுவரில் எழுதப்பட்டிருக்கட்டும்.

படம் எடுத்துப் போடலாமா? கல்லூரியில் அறிக்கைக்குக் கேட்கிறார்கள்.

பிள்ளைகளின் முகம் தெரியும் படம் வேண்டாம். விசைப்பலகைமேல் இருக்கும் கைகள், கரும்பலகை, பிள்ளைகள் செய்த வேலையின் அச்சுப்படி ஆகியவை அறிக்கைக்குப் போதும். அவற்றையும் தலைமையாசிரியரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

மாணவிகள் எப்படிப் போய்வருவது? வீட்டில் அனுப்பத் தயங்குகிறார்கள்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பதால் செலவு பெரிதாக இருக்காது. உள்ளூர்களுக்குப் பேருந்து மணிக்கு ஒன்றோ அதற்கும் குறைவாகவோதான் வரும். பாடவேளையைப் பேருந்து நேரத்துக்கு ஏற்பக் கேட்டு வாங்குங்கள். மூவருக்குக் குறையாமல் சென்று, மாலை ஐந்தரைக்குள் திரும்பும்படி அமைத்தால் பெற்றோரின் தயக்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

நாங்கள் போனதும் ஆசிரியர்கள் எமிஸ் பதிவைக் கொடுத்துவிடுகிறார்கள். மறுத்தால் வருத்தப்படுகிறார்கள்.

ஆசிரியர்களின் நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும். வருகைப் பதிவு முதல் நலத்திட்டப் பட்டியல் வரை, எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் அவர்கள் ஏற்ற வேண்டியவை ஏராளம். கணினி தெரிந்த இளைஞர்கள் வந்தால் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்தப் பதிவில் மாணவர்களின் சொந்த விவரங்கள் இருக்கின்றன. பள்ளியின் கடவுச்சொல்லை வெளியார் பயன்படுத்துவது முறையன்று. "நீங்கள் உள்ளே நுழைந்து அமருங்கள், நான் பக்கத்தில் நின்று வழி சொல்கிறேன்" என்று சொல்லலாம். மவுஸ் விதி இங்கும் பொருந்தும்.

அப்படி நின்று உதவிய பள்ளிகளில் ஆசிரியர்கள் பிறகு நம் வகுப்பில் வந்து அமர்கிறார்கள். அதுதான் நமக்கு வேண்டியது. நாம் போன பிறகு பாடத்தைத் தொடரப் போகிறவர் அவர்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்கிறார்கள். செய்யலாமா?

நிரப்பித் தராதீர்கள், நிரப்பக் கற்றுக்கொடுங்கள். மே, ஜூன் மாதங்களில் இதற்கென்றே சில நாட்களை ஒதுக்கலாம். முதலில் மாணவருக்குச் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் முகவரி, வீட்டில் நிலையாக இருக்கும் ஒரு கைப்பேசி எண், கடவுச்சொல்லை எழுதி வைக்க ஒரு நோட்டு ஆகியவை இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி கடை ஒன்றில் விண்ணப்பித்தபோது, கடைக்காரர் தம் எண்ணையும் தம் மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டார். கலந்தாய்வு அழைப்பு அந்த எண்ணுக்கே போயிற்று. அவர் ஊரில் இல்லாத நாளில் அவளுக்கான சுற்று முடிந்துவிட்டது. மதிப்பெண் இருந்தும் அந்த ஆண்டு அவள் விரும்பிய படிப்பு கிடைக்கவில்லை.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்குரிய கட்டத்தில் மாணவரே குறியிட்டு, இறுதியாக அனுப்புமுன் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுஎண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதையும், பணம் ஏமாற்றப்பட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

நான் மூன்றாம் ஆண்டு. ஏப்ரலோடு படிப்பு முடிகிறது. அதன் பிறகு அந்தப் பள்ளி என்னாகும்?

இந்தக் கேள்வியைக் கடைசி ஆண்டில் கேட்காமல் முதல் வாரத்திலேயே கேட்பவர்கள்தான் எங்களுக்குத் தேவை. ஒவ்வொரு குழுவிலும் முதலாமாண்டு மாணவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதும், பள்ளிக்கென்று ஒரு நீள நோட்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதற்காகத்தான். அந்த நோட்டு பள்ளியிலேயே, ஆய்வகப் பொறுப்பாசிரியரின் மேசையில் இருக்கும். எந்தக் கணினியில் என்ன பழுது, எப்போது சரிசெய்தது, எந்த வகுப்பு எந்தப் பாடம் வரை வந்திருக்கிறது, எந்தப் பிள்ளை மற்றவருக்குச் சொல்லித்தரும் அளவுக்குத் தேறியிருக்கிறது என்று ஒவ்வொரு வாரமும் பத்து வரி எழுதி, தேதியிட்டு, ஆசிரியரின் கையொப்பம் வாங்க வேண்டும்.

மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இப்போது இருப்பது மூன்றாவது நோட்டு. சென்ற ஆகஸ்டில் எங்கள் குழு தேர்வு காரணமாகப் போகமுடியாத வாரத்தின் பக்கத்தைப் புரட்டினேன். அதில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்தில் இப்படி இருந்தது: "இன்று அக்காக்கள் வரவில்லை. ஆறாம் வகுப்புக்கு நானும் தோழியும் தமிழ்99 சொல்லிக்கொடுத்தோம். 4-ஆம் கணினியில் மவுஸ் ஓடவில்லை. மாற்றிவிட்டோம்." கீழே ஆசிரியையின் கையொப்பமும் தேதியும் இருந்தன.